அலமாரியைத் திறந்து வையுங்கள்: ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளின் இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் கடற்கரைப் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். எனக்கும் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவ ஊர்தான். அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போவார். சித்தப்பாவிடம் ஒரு நாட்டுப்படகு இருந்தது. இன்று நான் செய்கிற வேலை, வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை நேராகப் படமெடுக்கும் தொலைநோக்கிக் கேமராக்களை வடிவமைப்பது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிளஸ் டூவில் அலை ஒளியியல் பாடம் வரும்போது விளிம்பு விளைவை, அதாவது துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதை, கரும்பலகையோடு முடித்துவிடாதீர்கள். ஒரே ஒரு நாள் ஆய்வகத்தின் ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, பிள்ளைகள் கையில் லென்ஸ்களைக் கொடுங்கள். ஏன் இதைக் கேட்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நான் படித்த பள்ளியின் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே ஆறேழு லென்ஸ்கள், ஒரு முப்பட்டகம், ஒரு நிறமாலைமானி. செய்முறைத் தேர்வு வருகிற வாரத்தில்தான் அதன் பூட்டுத் திறக்கும். உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். அந்தப் பயம் இப்போது எனக்குப் புரிகிறது. ஒரு லென்ஸ் போனாலும் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டியவர் ஆசிரியர்தான். ஆனால் பூட்டியே கிடந்ததில் உப்புக் காற்று உள்ளே புகுந்து லென்ஸ்களில் பூஞ்சை படர்ந்துவிட்டது. யாரும் உடைக்காமலே அவை கெட்டுப்போயின. ஒரு சின்னத் துளை வழியே வரும் ஒளி வளையம் வளையமாக விரிவதை நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தபோது எனக்கு வயது 25. அதைப் பற்றிப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைவிட, இதைப் பதினேழு வயதிலேயே பார்த்திருக்கலாமே என்ற வருத்தம்தான் பெரிதாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

சரி, கேமராவுக்கு வருகிறேன்.

1995ஆம் ஆண்டு மிஷெல் மயோரும் திதியே கெலோவும் 51 பெகாசி என்ற நட்சத்திரத்துக்கு ஒரு கோள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2019இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்தக் கோளை அவர்கள் பார்க்கவில்லை. நட்சத்திரம் லேசாக முன்னும் பின்னும் அசைவதை அதன் நிறமாலையில் அளந்து, அதை இழுப்பது ஒரு கோள் என்ற முடிவுக்கு வந்தார்கள். இன்று நமக்குத் தெரிந்த ஆயிரக்கணக்கான புறக்கோள்களில் மிகப் பெரும்பாலானவை இப்படி மறைமுகமாகத் தெரிந்தவைதான். நேராகப் படத்தில் சிக்கியவை ரொம்பக் கொஞ்சம்.

காரணம் வெளிச்சம். நம் சூரியனையும் பூமியையும் 33 ஒளியாண்டு தள்ளி நின்று ஒருவர் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பூமி சூரியனிலிருந்து ஒரு வில்விநாடியில் பத்தில் ஒரு பங்கு விலகித் தெரியும். ஒரு பாகையை 3600ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் வில்விநாடி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அரிச்சல்முனையில் நின்று 30 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் எரிகிற ஒரு விளக்கைப் பார்க்கிறோம். அந்த விளக்கை ஒட்டி ஒரு விரல் அகலம் தள்ளி இன்னொரு விளக்கு. அந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டுவது இன்றைய 8 மீட்டர் தொலைநோக்கிகளால் முடிகிற காரியம்தான். சிக்கல் என்னவென்றால், இரண்டாவது விளக்கின் வெளிச்சம் முதல் விளக்கின் வெளிச்சத்தில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு. வியாழன் மாதிரிப் பெரிய கோளாக இருந்தாலும் நூறு கோடியில் ஒரு பங்குதான்.

எந்தத் தொலைநோக்கியும் நட்சத்திரத்தை வெறும் புள்ளியாகக் காட்டாது. நடுவில் ஒரு வட்டு, சுற்றிலும் வளையங்கள் என்றுதான் காட்டும். நீங்கள் கரும்பலகையில் வரைகிற அதே ஏரி (Airy) வட்டுதான். வெளியே போகப் போக வளையங்கள் மங்கிக்கொண்டே போகும். ஆனால் ஆயிரம் கோடியில் ஒரு பங்கைத் தேடுகிறவனுக்கு அந்த மங்கலான வளையமே கோளைவிடப் பல லட்சம் மடங்கு பிரகாசம். பெரிய கண்ணாடி கட்டினால் மட்டும் இது தீராது. அது கோளின் ஒளியைக் கூட்டும்போதே நட்சத்திரத்தின் ஒளியையும் கூட்டிவிடும். அதனால் எங்கள் உழைப்பில் முக்கால்வாசி, வேண்டாத ஒளியை எப்படி அப்புறப்படுத்துவது என்பதிலேயே போகிறது.

இதை நான் முதலில் கற்றது சித்தப்பாவின் படகில். பள்ளி லீவில் அவரோடு இரவில் வடகடலுக்குப் போவேன். வலையின் மிதவையைத் தேடுவதற்காக நான் டார்ச் அடிப்பேன். "லைட்டை அமத்துடா, கண்ணு தெரியட்டும்" என்று சத்தம் போடுவார். அமத்தியதும் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே தெரியாது. அப்புறம் மிதவை தெரியும், பக்கத்துப் படகு தெரியும், துடுப்புப் படுகிற இடத்தில் தண்ணீர் நீலமாக மினுங்குவதும் தெரியும். அம்மாவின் வழி வேறு. பாசி எடுக்க இறங்கும் முன் தண்ணீருக்கடியில் பார், அதாவது பாறைத் திட்டு, எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசும். ஒரு கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி, தண்ணீரில் வெயில் தெறிக்கிற இடத்தை மட்டும் மறைத்துவிட்டுப் பார்ப்பார். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேராவது இதை வீட்டில் பார்த்திருப்பார்கள். அதை இயற்பியல் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் அந்த நீட்டிய கைக்குத் தொலைநோக்கியில் கரோனாகிராஃப் என்று பெயர். 1930களின் தொடக்கத்தில் பெர்னார் லியோ என்ற பிரெஞ்சு வானியலாளர் இதைச் செய்தார். சூரியனைச் சுற்றியுள்ள கரோனா என்ற மங்கலான வெளி மண்டலத்தைப் பார்க்க அதுவரை முழுக் கிரகணம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லியோ, பிரான்சில் பிக் து மிதி மலை உச்சியில், சூரியனின் பிம்பம் விழுகிற இடத்தில் ஒரு வட்டத் தகட்டை வைத்து மறைத்தார். இந்த அளவுக்கு யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். அடுத்து அவர் செய்ததுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

ஒரு நட்சத்திரத்தை இதே மாதிரி தகடு வைத்து மறைத்த பிறகும் ஒளி மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் எங்கே போய் நிற்கிறது? தகட்டுக்குப் பின்னால் இன்னொரு லென்ஸ் வைத்து, ஒளி முதலில் நுழைந்த வட்டத் துளையின் பிம்பத்தை ஒரு திரையில் விழச் செய்யுங்கள். துளையின் நடுப்பகுதி இருண்டு கிடக்கும். விளிம்பைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் பளிச்சென்று எரியும். மறைக்கப்பட்ட நட்சத்திரத்தின் மிச்ச ஒளி முழுக்க அந்த விளிம்பில் வந்து ஒதுங்கியிருக்கிறது. கோளின் ஒளியோ சற்றுச் சாய்வாக வந்ததால் தகட்டில் சிக்காமல், துளை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கும். ஆகவே அந்த இடத்தில், பிம்பத்தைவிடக் கொஞ்சம் சிறிய துளையுள்ள ஒரு தடுப்பை வைத்து விளிம்பை வெட்டிவிட்டால் போதும். நட்சத்திரத்தின் ஒளி பெரும்பாலும் போய்விடும், கோளின் ஒளியில் கொஞ்சம்தான் நஷ்டம். இதற்கு லியோ தடுப்பு என்று பெயர். எத்தனையோ புதுவகைக் கரோனாகிராஃப்கள் வந்துவிட்டன. அவற்றில் மிகப் பலவற்றில் இந்தத் தடுப்பு இன்றும் இருக்கிறது.

இதை உங்கள் ஆய்வகத்தில் காட்ட முடியும். அதற்காகத்தான் இந்த மடலே.

கறுப்பு அட்டையில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். அதன் பின்னாலேயே 50 சென்டிமீட்டர் குவியத்தூரமுள்ள குவிலென்ஸ். அறையின் மறுகோடியில் ஒரு லேசர் சுட்டியை ஸ்டாண்டில் அசையாமல் கட்டி, ஒளியைத் துளை வழியே விடுங்கள். குவியத்தில் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் அகலத்தில் நடுவட்டு விழும், சுற்றிலும் வளையங்கள் தெரியும். இது உங்கள் நட்சத்திரம். இப்போது நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடித் துண்டில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குக் கறுப்புப் பொட்டு ஒன்று வையுங்கள். மார்க்கர் மை ஒளியை முழுக்க மறைக்காவிட்டால் இரண்டு மூன்று பூச்சுப் பூசுங்கள். அதைக் குவியத்தில் வைத்து, மெல்ல நகர்த்தி நகர்த்தி, பொட்டு நட்சத்திரத்தின் மேல் சரியாக உட்காரும்படி செய்ய வேண்டும். அதற்குச் சற்றுப் பின்னால் 20 சென்டிமீட்டர் லென்ஸ். அந்த லென்ஸிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு வெள்ளைத் தாளை முன்பின் நகர்த்தினால் துளையின் சின்னப் பிம்பம் தெளிவாக விழுகிற இடம் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். மங்கலாக இருந்தால் தாளைச் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு எரிகிறதா, நடு இருண்டிருக்கிறதா? ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: லேசரை நேராகவோ லென்ஸ் வழியாகவோ யாரும் கண்ணால் பார்க்கக் கூடாது. தாளில் விழுவதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் தடவையே வந்துவிடாது. பொட்டு இம்மி விலகினாலும் வெளிச்சம் பீறிட்டுக்கொண்டு வரும். பெஞ்சை யாராவது இடித்தால் எல்லாம் கலைந்துபோகும். அப்போது பிள்ளைகளைத் திட்டாதீர்கள். அந்த இடத்தில்தான் அவர்கள் என் தொழிலைத் தொடுகிறார்கள். பெரிய தொலைநோக்கியிலும் நட்சத்திரத்தைத் தகட்டின் நடுவில் இரவு முழுக்க அசையாமல் நிறுத்தி வைப்பதே தனி வேலை, அதற்கென்றே தனிக் கருவிகள் உண்டு. லென்ஸில் ஒரு விரல்ரேகையை வேண்டுமென்றே பதித்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இருண்டிருந்த இடமெல்லாம் வெளுத்துப்போகும். லியோ தன் லென்ஸுக்கு ஒரு குமிழிகூட இல்லாத கண்ணாடியைத் தேடி அலைந்தது ஏன் என்று சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

நிலத்தில் இருக்கும் தொலைநோக்கிக்கு இன்னொரு தொல்லை, தலைக்கு மேலே இருக்கும் காற்று. கச்சான் காற்று அடிக்கிற ராத்திரியில் தூரத்துக் கரை விளக்குகள் துடிப்பதைப் போல நட்சத்திர ஒளியும் துடிக்கும். அதைச் சமன்செய்ய ஒரு மெல்லிய வளையும் கண்ணாடி. அதன் பின்னால் ஆயிரக்கணக்கான சின்ன உந்திகள், நொடிக்கு ஆயிரம் தடவை அளவில் அதன் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். சிலியில் ஜெமினி தெற்குத் தொலைநோக்கியில் 2013இல் பொருத்தப்பட்ட ஜிபிஐ, அதே நாட்டில் விஎல்டி தொலைநோக்கியில் 2014இல் வேலையைத் தொடங்கிய ஸ்ஃபியர், இரண்டும் இந்த வகைக் கேமராக்கள். 2015இல் 51 எரிடானி நட்சத்திரத்தின் கோளை ஜிபிஐ படமெடுத்தது. 2018இல் பிடிஎஸ் 70 என்ற இளம் நட்சத்திரத்தின் தூசித் தட்டுக்குள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிற ஒரு கோளை ஸ்ஃபியர் காட்டியது. இப்படிப் படத்தில் வந்தவை பெரும்பாலும் வியாழனைவிடப் பெரிய, பிறந்த சூடு ஆறாத இளம் கோள்கள். அகச்சிவப்பில் அவை தாமாகவே ஒளிர்வதால் கண்ணில் படுகின்றன.

நம் பூமி மாதிரி ஒன்றைப் பார்க்க விண்வெளிக்குத்தான் போக வேண்டும். நாசாவின் ரோமன் விண்தொலைநோக்கிக்காகச் செய்த கரோனாகிராஃபில் இரண்டு வளையும் கண்ணாடிகள், ஒவ்வொன்றிலும் 48க்கு 48 உந்திகள். அதற்கு அடுத்த கட்டமாக, உயிர் வாழத்தக்க கோள்களைத் தேட ஏறத்தாழ 6 மீட்டர் விண்தொலைநோக்கி வேண்டும் என்று அமெரிக்க வானியலாளர்களின் பத்தாண்டுத் திட்ட அறிக்கை 2021இல் பரிந்துரைத்தது. அதில் ஒளியலையின் வடிவம் பத்து பிகோமீட்டர் அளவுக்குக்கூட மாறாமல் நிற்க வேண்டும். ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு அது. இந்த எண்ணை எழுதும்போதெல்லாம் எனக்கு இன்னும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு செய்த பிறகும் படத்தில் சிதறல் புள்ளிகள் மிஞ்சும். ஒவ்வொன்றும் பார்க்க அசல் கோள் மாதிரியே இருக்கும். எது கோள், எது கருவியின் குறை என்று எப்படிப் பிரிப்பது? விசைப்படகின் வீல்ஹவுஸ் கண்ணாடியில் உப்புக்கறை இருந்தால், படகு திரும்பும்போது கறையும் கூடவே திரும்பும். கரையில் இருக்கும் விளக்கு மட்டும் கண்ணாடியில் இடம் மாறும். அதே உபாயம்தான். கேமராவைத் தொலைநோக்கியோடு அசையாமல் பிணைத்துவிட்டு, இரவு ஏற ஏற வானம் படத்துக்குள் சுழல விடுகிறோம். நின்ற இடத்திலேயே நிற்பது கருவியின் கறை, வானத்தோடு சுழல்வது கோள். 2008இல் எச்ஆர் 8799 என்ற நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று கோள்களை இந்த முறையில் பிரித்தெடுத்தார்கள். 2010இல் நான்காவதும் கிடைத்தது.

அதே 2008இல் ஃபோமல்ஹாட் நட்சத்திரத்துக்கும் ஒரு கோள் ஹபிள் படங்களில் தெரிந்ததாக அறிவிப்பு வந்தது. வருடங்கள் போகப் போக அந்தப் புள்ளி விரிந்து மங்கியது. அது கோள் இல்லை, பனியும் பாறையுமான இரண்டு பொருள்கள் மோதியதில் எழுந்த தூசி மேகமாகத்தான் இருக்க வேண்டும் என்று 2020இல் வந்த ஆய்வு சொன்னது. தெரிந்ததைத் தெரிந்தபடி பதிவுசெய்து வைத்திருந்ததால்தான் பின்னால் வந்தவர்களால் அதைத் திருத்த முடிந்தது. இங்கே உங்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. புத்தகத்து விடைக்குப் பொருந்துகிற மாதிரி அளவீட்டைத் திருத்திச் செய்முறை நோட்டில் எழுதுகிற பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. நானும் எழுதியவன்தான். அந்தப் பழக்கத்தை விட எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. தாளில் விளிம்பு வளையம் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதச் சொல்லுங்கள், எழுதியதற்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

கலாம் ஐயா பிறந்த மண் இது. ராக்கெட் என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ராக்கெட்டின் உச்சியில் உட்கார்ந்து போகிற கருவியை யார் செய்கிறார்கள் என்று மட்டும் அவர்களிடம் பேசுவதே இல்லை. 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்க்கிற ஆதித்யா எல்1 விண்கலத்தின் முக்கியக் கருவியே ஒரு கரோனாகிராஃப்தான். பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் செய்தது. 30 மீட்டர் தொலைநோக்கித் திட்டத்துக்கான கண்ணாடித் துண்டுகளை மெருகேற்றும் கூடமும் அதே நிறுவனத்தின் ஹொசகோட்டே வளாகத்தில் இருக்கிறது. நம் மாநிலத்திலேயே, ஜவ்வாது மலையில் காவலூரில், வைணு பாப்பு பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. நட்சத்திரங்களின் கோள்களைப் படமெடுக்கும் கேமராவை நம் நாட்டிலேயே முழுதாக வடிவமைக்கும் காலம் வர வேண்டும், வரும் என்று நம்புகிறேன். அதற்குக் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் மட்டும் போதாது. கண்ணாடி தேய்க்கிற கை வேண்டும். உலோகத்தை மைக்ரான் கணக்கில் கடைகிற ஃபிட்டர் வேண்டும். வலையில் அறுந்த கண்ணை இருட்டில் தடவியே கண்டுபிடித்து முடிகிற விரல்களை நான் எங்கள் தெருவில் நிறையப் பார்த்திருக்கிறேன். லென்ஸ் பொருத்தும் மேஜையில் அந்த மாதிரி விரல்களுக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்று தினமும் பார்க்கிறேன். ஐடிஐக்குப் போகிற பிள்ளையிடமும் இந்த வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஆய்வகத்தில் செய்து முடித்த பிறகு ஒரு ராத்திரி பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போங்கள். மாசி மாதம் நல்லது, மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். இரவு எட்டரை மணி வாக்கில் தெற்கே பார்த்து நிற்க வேண்டும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தென்கடல் எதிரிலேயே இருக்கிறது. வடகடல் பக்கத்தார் தெற்கே விளக்கில்லாத ஒரு திடலாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அடிவானத்துக்கு மேலே, வானத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், வெள்ளையாகப் பிரகாசிப்பது அகத்தியர் நட்சத்திரம். கையை நீட்டி, அதிலிருந்து வலப்பக்கம் மூன்று நான்கு விரல் அகலம் தள்ளி, கொஞ்சம் மேலே பாருங்கள். மங்கலாக ஒரு நட்சத்திரம். கண் இருட்டுக்குப் பழக வேண்டும், செல்போன்களைப் பைக்குள் வைத்துவிடச் சொல்லுங்கள். அதன் பெயர் பீட்டா பிக்டோரிஸ், 63 ஒளியாண்டு தூரம். 1984இல் ஒரு கரோனாகிராஃப் வைத்துப் பார்த்தபோதுதான் அதைச் சுற்றித் தூசித் தட்டு ஒன்று இருப்பது படத்தில் தெரிந்தது. 2008இல் அந்தத் தட்டுக்குள் ஒரு கோள் இருப்பதாக அறிவித்தார்கள். அகச்சிவப்பிலேயே நட்சத்திரத்தைவிடச் சில ஆயிரம் மடங்கு மங்கலான கோள் அது. பிறகு அது நட்சத்திரத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனதையும் படமெடுத்துவிட்டார்கள். காலையில் மார்க்கர் பொட்டும் லென்ஸும் வைத்துத் தாங்கள் செய்ததை இந்த நட்சத்திரத்துக்குத்தான் செய்தார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நான் வருகிற மாசியில் ஊருக்கு வருகிறேன். மூன்று வாரம் இருப்பேன். பூஞ்சை பிடித்த லென்ஸ்களைச் சுத்தம் செய்வதற்கு வேண்டியதெல்லாம் கொண்டுவருகிறேன். முழுக்கக் கெட்டவற்றுக்குப் பதிலாகக் கொடுக்க, 50 சென்டிமீட்டர் லென்ஸ்கள் பத்தும் 20 சென்டிமீட்டர் லென்ஸ்கள் பத்தும் என் செலவில் வாங்கி வைத்திருக்கிறேன். எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் வருவேன், சனி ஞாயிறாக இருந்தாலும் சரி. அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் இப்போதே விசாரித்து வையுங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
மண்டபம் பக்கத்துப் பழைய மாணவன் ஒருவன்